டெல்லிக்கு எவ்வளவு, சென்னைக்கு எவ்வளவு? அரசமைப்பின் அதிகாரப் பங்கீடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு அரசமைப்புப் பாடம் எடுக்கிறேன். பாடம் முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போதுதான் நல்ல கேள்விகள் வரும். காலையில் நாளிதழ் படித்துவிட்டு, மனத்தில் உறுத்தியதைக் கொண்டுவந்து கேட்பார்கள். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளைப் பதிலோடு இங்கே எழுதி வைக்கிறேன்.

"மத்திய அரசு" சரியா, "ஒன்றிய அரசு" சரியா?

இரண்டும் தவறில்லை. இந்தியா "மாநிலங்களின் ஒன்றியம்" என்று அரசமைப்பின் முதல் பிரிவே சொல்கிறது. ஆங்கில மூலத்தில் அங்கே இருக்கும் சொல் "யூனியன்". பட்டியலின் பெயரும் "யூனியன் லிஸ்ட்"தான். அதனால் நான் ஒன்றியம் என்றே எழுதுகிறேன். மற்ற சட்டங்களில் "சென்ட்ரல் கவர்ன்மென்ட்" என்ற சொல்லும் புழங்குகிறது. ஆகவே மத்திய அரசு என்று எழுதுபவரைத் திருத்த வேண்டியதில்லை.

"கூட்டாட்சி" என்று வெளிப்படையாகச் சொல்லாமல் ஏன் "ஒன்றியம்" என்றார்கள்? 1948 நவம்பர் 4 அன்று அரசமைப்பு அவையில் அம்பேத்கர் விளக்கம் கொடுத்தார். அமெரிக்காவைப் போல மாநிலங்கள் ஒப்பந்தம் போட்டுச் சேர்ந்து உண்டான நாடு இல்லை இது. அதனால் எந்த மாநிலத்துக்கும் பிரிந்துபோகும் உரிமையும் இல்லை. அந்த ஒரு விளக்கத்துக்குள் பின்னால் வந்த பாதிச் சிக்கல் அடங்கியிருக்கிறது. மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு, ஆனால் மாநிலம் என்ற உருவத்துக்கே நிரந்தர உத்தரவாதம் கிடையாது. கீழே வேறொரு கேள்வியில் அதற்கு வருகிறேன்.

அதிகாரத்தை எதற்குப் பிரிக்க வேண்டும்? ஒரே அரசு இருந்தால் வேலை சீக்கிரம் நடக்குமே?

நடக்கும். நல்ல வேலையும் சீக்கிரம் நடக்கும், கெட்ட வேலையும் சீக்கிரம் நடக்கும். 1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. விடிவதற்குள் எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில் இருந்தார்கள், பத்திரிகைகளுக்குத் தணிக்கை வந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில், சட்டவிரோதமாகப் பிடித்து வைத்தாலும் நீதிமன்றத்துக்குப் போக முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் சொன்னார்கள். மறுத்தவர் எச்.ஆர். கன்னா ஒருவர்தான். அடுத்து வர வேண்டிய தலைமை நீதிபதி பதவி அவருக்குக் கிடைக்காமல் போனது.

அதிகாரம் இரண்டு விதமாகப் பிரிந்திருக்கிறது. ஒன்று, சட்டம் இயற்றும் அவை, அரசாங்கம், நீதிமன்றம் என்று மூன்றாக. இன்னொன்று, ஒன்றியம், மாநிலம், உள்ளாட்சி என்று அடுக்கடுக்காக. ஒரு கதவு மூடினால் தட்டுவதற்கு இன்னொரு கதவு இருக்க வேண்டும் என்பதுதான் இதன் நோக்கம். மாநில உரிமை என்று நான் பேசும்போதெல்லாம் என் மனத்தில் இருப்பது முதலமைச்சரின் கௌரவம் அல்ல, அந்த இரண்டாவது கதவு.

எது யாருடைய வேலை? எப்படித் தெரிந்துகொள்வது?

ஏழாவது அட்டவணையைப் பாருங்கள். மூன்று பட்டியல்கள் இருக்கும். 1950இல் தொடங்கியபோது ஒன்றியப் பட்டியலில் 97, மாநிலப் பட்டியலில் 66, பொதுப் பட்டியலில் 47 விஷயங்கள். பாதுகாப்பு, வெளியுறவு, நாணயம், ரயில், அஞ்சல், அணுசக்தி ஒன்றியத்துக்கு. போலீஸ், பொதுச் சுகாதாரம், வேளாண்மை, நிலம், மது, உள்ளாட்சி மாநிலத்துக்கு. குற்றவியல் சட்டம், திருமணம், மின்சாரம், தொழிலாளர் நலன், காடு, கல்வி இரண்டு பேருக்கும் பொது. கடைசி இரண்டும் முதலில் மாநிலப் பட்டியலில் இருந்தவை.

இரண்டு அரசும் ஒரே விஷயத்தில் சட்டம் போட்டால் எது நிற்கும்?

பொதுப் பட்டியலில் மோதல் வந்தால் ஒன்றியச் சட்டம் நிற்கும், மாநிலச் சட்டம் மோதும் அளவுக்கு விழும். இது பிரிவு 254. ஆனால் அதிலேயே ஒரு வழியும் வைத்திருக்கிறார்கள். மாநிலச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தால் அந்த மாநிலத்துக்குள் மாநிலச் சட்டமே செல்லும்.

இதற்கு ஜல்லிக்கட்டை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. விலங்கு வதைத் தடுப்பு பொதுப் பட்டியலில் வருகிறது. அதில் 1960ஆம் ஆண்டின் ஒன்றியச் சட்டம் ஒன்று இருந்தது. தமிழ்நாடு 2009இல் ஜல்லிக்கட்டை ஒழுங்குபடுத்த ஒரு சட்டம் போட்டது. 1960 சட்டத்தோடு அது முரண்படுகிறது என்று 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. 2017 ஜனவரியில் மெரினாவில் இளைஞர்கள் கூடியது நினைவிருக்கும். அதன்பின் சட்டமன்றம் 1960 சட்டத்துக்கே தமிழ்நாட்டளவில் ஒரு திருத்தம் கொண்டுவந்து, இந்த முறை குடியரசுத் தலைவரின் ஒப்புதலையும் வாங்கியது. 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தத் திருத்தம் செல்லும் என்றது. கடற்கரையில் கூடியவர்களின் வெற்றி சட்டப்படி நிலைத்ததற்கு அந்த ஒப்புதல் முக்கியமான காரணம்.

சரி, ஒப்புதல் கொடுக்க மறுத்தால்? மாநிலம் அங்கே நின்றுவிடும். குடியரசுத் தலைவர் ஒன்றிய அமைச்சரவையின் ஆலோசனைப்படிதான் முடிவெடுக்கிறார். நீட் விலக்கு மசோதாவைத் தமிழ்நாடு சட்டமன்றம் 2021இல் நிறைவேற்றியது, ஆளுநர் திருப்பி அனுப்ப 2022 பிப்ரவரியில் மறுபடியும் நிறைவேற்றியது. அது டெல்லிக்குப் போனது. ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார்.

மூன்று பட்டியலிலும் இல்லாத விஷயம்?

ஒன்றியத்துக்கு, பிரிவு 248. அமெரிக்காவில் நேர் எதிர்: அங்கே எழுதி வைக்காத அதிகாரம் மாநிலங்களுக்கும் மக்களுக்கும். இது சின்ன வித்தியாசம் இல்லை. சேவை வரி என்று ஒன்று 1994இல் வந்ததே, எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லாத அந்த வரியை இந்த எஞ்சிய அதிகாரத்தை வைத்துத்தான் நாடாளுமன்றம் விதித்தது.

ஆளுநர் மசோதாவில் கையெழுத்துப் போடாமல் வைத்திருக்கலாமா?

கூடாது. ஆனால் அந்தக் "கூடாது"வை எப்படி நடைமுறைப்படுத்துவது என்பதில்தான் சிக்கல்.

பிரிவு 200 படி ஆளுநர் ஒப்புதல் தரலாம், மறுத்து அவைக்கே திருப்பி அனுப்பலாம், குடியரசுத் தலைவருக்கு அனுப்பலாம். எத்தனை நாளுக்குள் என்று எழுதவில்லை. எழுதியவர்கள் நல்லெண்ணத்தை நம்பினார்கள் என்றுதான் நினைக்கிறேன். தமிழ்நாட்டின் பத்து மசோதாக்கள் இப்படிக் கிடந்து வழக்காகின. 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் அமர்வு ஆளுநரின் செயல் தவறு என்று சொல்லி, தன் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி, பத்தும் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்றது. காலக்கெடுவும் விதித்தது. நூலகத்தில் அன்று பெரிய உற்சாகம்.

அது ஏழு மாதம் நீடித்தது. குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்திடம் கருத்துக் கேட்டார். 2025 நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் சொன்ன கருத்து இது: நீதிமன்றம் ஆளுநருக்குக் காலக்கெடு விதிக்க முடியாது, "ஒப்புதல் பெற்றதாகக் கருதுவது" என்பதும் முடியாது. ஆனால் மசோதாவைத் திருப்பி அனுப்பாமல் சும்மா மறுத்துவிட்டு உட்காரவும் ஆளுநருக்கு உரிமையில்லை. காரணமே இல்லாமல் நெடுங்காலம் கிடப்பில் போட்டால், ஏதாவது ஒரு முடிவெடுங்கள் என்று நீதிமன்றம் உத்தரவிடலாம். எந்த முடிவு என்று சொல்ல முடியாது.

என் மனத்தில் பட்டதைச் சொல்கிறேன். தேர்தலில் நிற்காத ஒருவர், தேர்தலில் வென்ற அவையின் வேலையைப் பேசாமலே நிறுத்திவைக்க முடிகிறது என்றால் அது அரசமைப்பில் இருக்கும் ஓட்டை. ஓட்டையை நீதிமன்றம் அடைக்க முடியாது என்றால் நாடாளுமன்றம் அடைக்க வேண்டும். பிரிவு 200இல் ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும்.

மாநில அரசை டெல்லி இன்னும் கலைக்க முடியுமா?

முடியும், ஆனால் முன்பு போல் இல்லை. இதற்கு வழிசெய்யும் பிரிவு 356 பயன்படாத எழுத்தாகவே கிடக்கும் என்று அம்பேத்கர் 1949இல் நம்பிக்கை சொன்னார். அந்த நம்பிக்கை பொய்த்தது. 1959இல் கேரளத்தில் ஈ.எம்.எஸ். அரசு கலைக்கப்பட்டது. 1977இல் ஜனதா அரசு ஒன்பது மாநிலங்களின் காங்கிரஸ் ஆட்சிகளை ஒரே வீச்சில் நீக்கியது, 1980இல் இந்திரா காந்தி திரும்பி வந்ததும் அதே கணக்கில் ஒன்பது ஆட்சிகளை நீக்கினார். இதில் எந்தக் கட்சிக்கும் சுத்தமான கை இல்லை.

தமிழ்நாட்டில் 1976 ஜனவரி 31 அன்று திமுக அரசு கலைக்கப்பட்டது. 1980 பிப்ரவரியில் எம்.ஜி.ஆர். அரசு. (சில மாதங்களில் நடந்த தேர்தலில் மக்கள் அவரையே திரும்ப உட்கார வைத்தார்கள்.) 1991 ஜனவரி 30 அன்று மறுபடி திமுக அரசு. இந்தக் கடைசிக் கலைப்பை நான் வகுப்பில் எப்போதும் சொல்வேன். ஆளுநரின் அறிக்கை வந்தால் கலைக்கலாம் என்கிறது 356. அப்போதைய ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலா அறிக்கை தர மறுத்துவிட்டார். பிரிவில் "அறிக்கையின் பேரில் அல்லது வேறு வகையில்" என்று இருக்கிறதே, அந்த "வேறு வகையில்" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு கலைத்தார்கள். பர்னாலாவைப் பீகாருக்கு மாற்றினார்கள், அவர் பதவி விலகினார்.

மாற்றம் கர்நாடகத்திலிருந்து வந்தது. 1989இல் அங்கே முதலமைச்சராக இருந்த எஸ்.ஆர். பொம்மைக்கு அவையில் பெரும்பான்மை போய்விட்டதாக ஆளுநர் தாமே முடிவுகட்டினார். அவையில் நிரூபிக்கிறேன் என்று பொம்மை கேட்டும் வாய்ப்புத் தரவில்லை. அந்த வழக்கில் 1994 மார்ச் 11 அன்று ஒன்பது நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். பெரும்பான்மையை அவையில்தான் எண்ண வேண்டும், ஆளுநர் மாளிகையில் அல்ல. கலைப்புக்கான காரணத்தை நீதிமன்றம் ஆராயலாம். நாடாளுமன்றம் ஏற்கும்வரை சட்டமன்றத்தைக் கலைக்கக் கூடாது. காரணம் பொய் என்றால் நீக்கிய அரசைத் திரும்பக் கொண்டுவரலாம். இது ஏட்டுச் சுரைக்காயாக நின்றுவிடவில்லை. 2016இல் அருணாச்சலப் பிரதேசத்தில் நீக்கப்பட்ட ஆட்சியை உச்ச நீதிமன்றம் மீட்டுத் தந்தது. அதே ஆண்டு உத்தராகண்டில் அவையிலேயே வாக்கெடுப்பு நடத்தச் சொன்னது, நீக்கப்பட்ட முதலமைச்சர் அதில் வென்றார்.

நாம் கட்டும் வரியில் நமக்கு எவ்வளவு திரும்ப வருகிறது?

இங்கேதான் கோபம் அதிகம். கணக்கைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை நிதிக்குழு (பிரிவு 280) இரண்டு முடிவு சொல்லும். ஒன்றியம் வசூலிக்கும் வரியில் எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து எவ்வளவு, அதில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் எவ்வளவு. 2021–26க்கான 15ஆவது நிதிக்குழு மொத்தப் பங்கை 41 சதவீதம் என்றது. அந்த 41இல் தமிழ்நாட்டுக்கு 4.079 சதவீதம், உத்தரப் பிரதேசத்துக்கு 17.939 சதவீதம். வருமானம் குறைந்த மாநிலத்துக்குக் கூடுதலாகத் தரும் விதிக்கு மட்டும் 45 சதவீத எடை கொடுத்தது.

ஏழை மாநிலத்துக்குக் கூடப் போவதில் எனக்கு வருத்தமில்லை. சென்னையில் வசூலாகும் வரியில் தருமபுரிக்குச் சாலை போடுகிறோம், நாட்டளவிலும் அதே நியாயம்தான். எனக்கு உறுத்துவது செஸ்ஸும் (ஒரு குறிப்பிட்ட செலவுக்கென்று போடும் வரி) கூடுதல் வரியும் (சர்சார்ஜ்). இவை பங்கிடும் தொகையிலேயே சேராது. வரியைக் கூட்டினால் மாநிலத்துக்குப் பங்கு போகும், செஸ் போட்டால் முழுதும் டெல்லியில் நிற்கும். பெட்ரோல் போடும்போது நீங்கள் கொடுக்கும் ஒன்றிய வரியில் பெரும்பகுதி இந்த இரண்டு பெயர்களில்தான் இருக்கிறது. விதியை மீறாமலே 41 சதவீதத்தைச் சுருக்கும் வழி இது.

ஜிஎஸ்டி பற்றியும் ஒரு வார்த்தை. ஜிஎஸ்டி மன்றத்தில் ஒன்றியத்துக்கு மூன்றில் ஒரு பங்கு வாக்கு, மாநிலங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து மீதி. எந்த முடிவுக்கும் நான்கில் மூன்று பங்கு வேண்டும். அதாவது ஒன்றியம் தனியாக எதையும் தடுக்கலாம். மாநிலங்கள் தடுக்க வேண்டுமென்றால் பன்னிரண்டு மாநிலமாவது ஒன்றுசேர வேண்டும்.

மாநிலத்தின் எல்லையையே டெல்லி மாற்றலாமா?

மாற்றலாம். பிரிவு 3 படி சாதாரணப் பெரும்பான்மை போதும். மாநிலச் சட்டமன்றத்திடம் கருத்துக் கேட்க வேண்டும், கேட்டபடி நடக்க வேண்டியதில்லை. ஆந்திரச் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்ட பிறகும் 2014 ஜூன் 2 அன்று தெலங்கானா பிறந்தது. 2019இல் ஜம்மு காஷ்மீர் இரண்டு ஒன்றியப் பகுதிகளாக்கப்பட்டபோது அங்கே சட்டமன்றமே இல்லை, அதன் கருத்தையும் நாடாளுமன்றமே சொல்லிக்கொண்டது. நம் மாநிலத்தின் பெயரும் இதே பிரிவில்தான் வருகிறது. 1967 ஜூலையில் சட்டமன்றம் தீர்மானம் போட்டாலும், நாடாளுமன்றம் சட்டம் இயற்றிய பிறகே 1969 ஜனவரி 14 முதல் சென்னை மாநிலம் தமிழ்நாடு ஆனது.

மாநில அரசு தவறு செய்தால் அதற்குக் கடிவாளம் யார்?

இதைக் கேட்பவர்கள் குறைவு, நிறையப் பேர் கேட்க வேண்டும். அடிப்படை உரிமைகள் ஒன்றியம், மாநிலம் இரண்டையும் ஒரே கயிற்றால் கட்டுகின்றன. குடியரசு பிறந்த அதே 1950இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த பேச்சுரிமை வழக்கு ஒன்று சென்னை மாநில அரசு மீதுதான். பம்பாயிலிருந்து ரொமேஷ் தாப்பர் நடத்திய இதழை இங்கே வரவிடாமல் தடுத்திருந்தார்கள், அந்தத் தடை நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டு செண்பகம் துரைராஜன் வழக்கில், கல்லூரி இடங்களைச் சாதி, மத வாரியாகப் பிரித்துத் தந்த வகுப்புவாரி அரசாணை விழுந்தது. இங்கே எழுந்த கிளர்ச்சியின் விளைவாகவே முதல் அரசமைப்புத் திருத்தம் வந்து, பிரிவு 15(4) மூலம் இடஒதுக்கீட்டுக்கு வழி திறந்தது.

அப்படியானால் திருத்தம் போட்டு எந்தக் கடிவாளத்தையும் அறுத்துவிடலாமே? 1973 ஏப்ரல் 24 வரை அந்தப் பயம் இருந்தது. அன்று கேசவானந்த பாரதி வழக்கில் பதின்மூன்று நீதிபதிகளில் ஏழு பேர், அரசமைப்பைத் திருத்தலாம், அதன் அடிப்படைக் கட்டமைப்பை உடைக்கக் கூடாது என்றார்கள். கூட்டாட்சியும் அந்தக் கட்டமைப்பில் அடங்கும் என்பதைப் பொம்மை தீர்ப்பு உறுதி செய்தது. ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் நமக்குக் கிடைத்த பாதுகாப்பு இது.

ஊராட்சிக்கு என்ன அதிகாரம்?

உள்ளாட்சிகளுக்கு அரசமைப்பில் இடம் தந்த 73, 74ஆவது திருத்தங்கள் 1993இல் அமலுக்கு வந்தன. ஊராட்சிக்குத் தரக்கூடிய 29 விஷயங்களும் நகராட்சிக்கு 18 விஷயங்களும் அட்டவணையில் உள்ளன. எவ்வளவு தருவது என்பது மாநிலத்தின் கையில். டெல்லியிடம் அதிகாரம் கேட்கும் மாநிலங்கள் ஊராட்சித் தலைவரிடம் எவ்வளவு கொடுத்திருக்கின்றன? 2016 அக்டோபரில் இங்கே உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. ஊரகத் தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது, அதுவும் எல்லா மாவட்டங்களிலும் இல்லை. இடையில் மூன்று ஆண்டுகள் தனி அலுவலர்கள் ஆட்சி. அதற்குப் பெயர் குடியரசுத் தலைவர் ஆட்சி இல்லை, ஆனால் ஊர்க்காரருக்கு வித்தியாசம் எதுவும் தெரிந்திருக்காது.

சிபிஐ நேராக மாநிலத்துக்குள் வரலாமா?

போலீஸ் மாநில விஷயம் என்பதால் மாநிலத்தின் இசைவு வேண்டும். முன்கூட்டியே கொடுத்திருந்த பொது இசைவைத் தமிழ்நாடு 2023 ஜூனில் திரும்பப் பெற்றது. உயர் நீதிமன்றமோ உச்ச நீதிமன்றமோ உத்தரவிட்டால் இசைவு தேவையில்லை. அமலாக்கத் துறைக்கு இந்தக் கட்டுப்பாடு பொருந்தாது.

இலங்கையின் மாகாண சபைகளும் இப்படித்தானா?

இல்லை. 1978 அரசமைப்பின் இரண்டாம் பிரிவு இலங்கையை ஒற்றையாட்சி நாடு என்கிறது. 1987இல் வந்த 13ஆவது திருத்தம் மாகாண சபைகளை அந்த ஒற்றையாட்சிக்குள்ளேயே வைத்தது. காணி (நிலம்), போலீஸ் அதிகாரங்கள் எழுத்தில் இருந்தும் கைக்கு வரவில்லை. அங்குள்ள தமிழர்கள் கூட்டாட்சி கேட்பது பட்டியலின் நீளத்துக்காக மட்டும் அல்ல. கொடுத்ததை ஒருதலையாகத் திரும்ப எடுக்க முடியாதபடி வேண்டும் என்பதற்காக.

கல்வியை மறுபடி மாநிலப் பட்டியலுக்குக் கொண்டுவர முடியுமா?

போன மாதம் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் கேட்டாள். முடியும். பட்டியலை மாற்ற நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும், பிறகு பாதி மாநிலங்களின் சட்டமன்றங்கள் ஏற்க வேண்டும். இன்றைய கணக்கில் பதினான்கு. இது பிரிவு 368.

கல்வியை எடுத்ததும் இதே வழியில்தான். 42ஆவது திருத்தம் 1976இல் நிறைவேறியபோது எதிர்க்கட்சி உறுப்பினர்கள் பலர் சிறையில் இருந்தார்கள். மாநிலச் சட்டமன்றங்களின் ஏற்பு கேட்கப்பட்டது, போதுமான சட்டமன்றங்கள் ஏற்றும் கொண்டன. "அப்போ நம்ம சட்டமன்றம் என்ன சொன்னது சார்?" என்று அவள் கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஆண்டு ஜனவரி 31 அன்றே இங்கே ஆட்சியைக் கலைத்துவிட்டார்கள். திருத்தம் மாநிலங்களுக்கு வந்தபோது தமிழ்நாட்டில் வாக்களிக்கச் சட்டமன்றமே இல்லை.